கனமான கெட்டில்பெல் ஸ்விங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெட்டில்பெல் என்பது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு; அதைக் கால்களுக்கு இடையிலிருந்து மார்பு உயரம் வரை இடுப்பின் விசையால் வீசுவது ஸ்விங். 16 கிலோ குண்டில் அது ஓரளவு பழகிவிட்டு, அடுத்து எடையைக் கூட்டி வெடிப்புத்திறனை, அதாவது சட்டென்று விசை காட்டும் திறனை, வளர்க்க என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்காக எழுதியது இது. கெட்டில்பெல்லை இதுவரை தொடாதவர்களும் படிக்கலாம். ஆனால் முதல் சில வாரங்களையாவது, நேரில் பார்த்துத் திருத்தக்கூடிய ஒருவரிடம் பழகிக்கொள்ளுங்கள்.

கனமான குண்டு என்றால் எத்தனை கிலோ?

தோராயமாக, உங்கள் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு 24 தொடக்கம், 32 கனம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 20 அல்லது 24. ஆனால் டெட்லிஃப்டில் (தரையில் கிடக்கும் பளுவைப் பிடித்து நிமிர்வதில்) தன் எடையைப் போல் இருமடங்கு தூக்குகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 32 கிலோ அவருக்கு விளையாட்டுச் சாமான். நான் பார்ப்பது வேறொன்றை. எட்டு முறை வீசுகிறீர்கள். எட்டாவது வீச்சும் முதல் வீச்சின் உயரத்தை எட்டுகிறது. ஆனால் பதினைந்தாவது எட்டாது என்று உங்களுக்கே தெரிகிறது. அந்தக் குண்டுதான் உங்களுக்குக் கனமான குண்டு.

பலம் கூடினால் வெடிப்புத்திறனும் தானாகக் கூடிவிடாதா?

கொஞ்சம் கூடும், முழுவதுமாக அல்ல. மெதுவாக எவ்வளவு பெரிய எடையை நகர்த்த முடியும் என்பது பலம். அந்த விசையை எவ்வளவு குறுகிய நேரத்தில் வெளிக்கொண்டுவர முடியும் என்பது வெடிப்புத்திறன். விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது அது. கபடி ஆட்டத்தில் பிடியை உதறிக்கொண்டு கோட்டுக்குத் தாவுகிறவருக்கும், கைப்பந்தில் ஸ்மாஷ் அடிக்க எம்புகிறவருக்கும் கிடைப்பது ஒரு நொடியில் சிறு பகுதிதான். பளுவைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டை மூன்று நொடியில் எழுப்பும் பலம் அந்த நேரத்துக்குள் வந்து சேராது.

சரி, 16 கிலோவையே இன்னும் வேகமாக வீசினால் ஆகாதா? எடையை ஏன் கூட்ட வேண்டும்?

இதற்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். 32 கிலோ குண்டு முழங்கால் உயரத்திலிருந்து மார்பு உயரம் வரை ஏறத்தாழ 0.9 மீட்டர் ஏறுகிறது. அதற்குத் தேவையான வேலை சுமார் 280 ஜூல். அரை நொடியில் அது நடந்துவிட்டால், குண்டுக்கு மட்டும் நீங்கள் கொடுத்த சராசரித் திறன் 560 வாட். உங்கள் உடலையே நிமிர்த்துவதற்கான செலவை இதில் சேர்க்கவில்லை.

அதே 280 ஜூலை 16 கிலோ குண்டுக்குக் கொடுத்தால் அது 1.8 மீட்டர் ஏற வேண்டும். அதாவது உங்கள் தலையைத் தாண்டிப் போக வேண்டும். மார்பு உயரத்தில் நிறுத்த வேண்டியதை அவ்வளவு வேகமாக வீச உடல் விடாது. நீங்கள் அறியாமலே இடுப்பு பாதி வேகத்தில் வேலை செய்யும், அல்லது தோள் பிரேக் போடும். கனமான குண்டில் அந்தச் சிக்கல் இல்லை. முழு வேகத்தில் இடுப்பைத் தள்ளினாலும் அது மார்புக்கு மேல் போகாது. அதனால் அடக்கி வாசிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு உயரத்தை நம்பி நிற்கிறது. 32 கிலோ தொப்புள் வரைதான் வருகிறது என்றால், 24 கிலோவை மார்பு வரை வீசுவதை விட அதில் பெரிதாக லாபம் இல்லை. எடை கூடி வேகம் செத்துப்போன ஸ்விங்கைத்தான் ஜிம்களில் அதிகம் பார்க்கிறேன்.

ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா, அல்லது எல்லாம் பயிற்சியாளர்களின் பேச்சா?

இருக்கிறது. இங்கிலாந்தின் சிச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லேக், லாடர் இருவரும் 2012இல் 16, 24, 32 கிலோ ஸ்விங்குகளை விசைத்தட்டின் (பாதம் தரையை அழுத்தும் விசையை அளக்கும் கருவியின்) மேல் அளந்தார்கள். ஸ்விங்கில் வெளிப்பட்ட திறன் பளு ஸ்குவாட்டை விட அதிகமாகவும், குதிக்கும் ஸ்குவாட்டுக்கு ஈடாகவும் இருந்தது. அதே ஆண்டில் வந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வில், 30 நொடி வீச்சு, 30 நொடி ஓய்வு என 12 சுற்றுகள், வாரம் இருமுறை, 6 வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். அரை ஸ்குவாட் பலம் ஏறத்தாழ 10 சதவீதமும் எம்பும் திறன் ஏறத்தாழ 20 சதவீதமும் கூடின. குதிக்கும் ஸ்குவாட் செய்த குழுவும் அதே அளவுதான் முன்னேறியது. அங்கே பயன்படுத்தியவை 12, 16 கிலோ குண்டுகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லேசான குண்டு எதற்கும் உதவாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே 2012இல் ஓட்டோ குழுவினர் 6 வாரங்களுக்குப் பளுதூக்கல் பயிற்சியையும் கெட்டில்பெல் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். ஸ்குவாட் பலத்தில் பளுதூக்கியவர்களே முந்தினார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கெட்டில்பெல் குழுவுக்குக் கொடுத்தது 16 கிலோ. பளுதூக்கிய குழுவோ அதைவிடக் கனமான பளுவைத் தூக்கியது.

கனமான ஸ்விங்கைச் சரியாக எப்படிச் செய்வது?

குண்டை உங்கள் கால்களுக்கு ஓரடி முன்னால் வையுங்கள். இந்த ஓரடியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலுக்கு நடுவிலேயே குண்டை வைத்துத் தொடங்கினால் முதல் வீச்சு வெறும் டெட்லிஃப்ட் ஆகிவிடும். பின்னோக்கிய வீச்சுக்கு இடமே இருக்காது.

பாதங்கள் தோள் அகலத்தை விடச் சற்று அகலமாக. இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். முழங்கால் லேசாக மட்டுமே மடங்கும், முழங்காலுக்குக் கீழே உள்ள கால் கிட்டத்தட்ட நேராக நிற்கும். முதுகு நேர்கோடு. கைப்பிடியைப் பிடித்து, குண்டை உங்கள் பக்கம் சற்றுச் சாய்த்து, அக்குளை இறுக்குங்கள். அக்குளில் ஒரு செய்தித்தாளை இடுக்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டால் போதும்.

இப்போது குண்டைக் கால்களுக்கு இடையே பின்னால் இழுத்து விடுங்கள். கைப்பிடி முழங்காலுக்கு மேலேதான் கடக்க வேண்டும். முன்கைகள் தொடையின் உட்புறத்தில் மோத வேண்டும். முழங்காலுக்குக் கீழே கடந்தால் முதுகுதான் அந்தச் சுமையை ஏந்தும். 8 கிலோவில் இது பெரிய விஷயமில்லை. 32 கிலோவில் அடுத்த நாள் காலை படுக்கையை விட்டு எழும்போது தெரியும்.

முன்கை தொடையில் மோதும் அந்தக் கணத்தில் எழுந்து நில்லுங்கள். குதிக்கப் போகிறவர் போல, ஆனால் பாதம் தரையை விட்டு எழாமல். பிட்டம் இறுக, தொடை முன்தசை இறுக, முழங்கால் நேராக. குண்டு தானே மேலே போகும். கைகள் வெறும் கயிறுகள். மேலே, மார்பு உயரத்தில், ஒரு கணம் குண்டுக்கு எடையே இல்லாதது போல் இருக்கும். அந்தக் கணம் கிடைக்கவில்லை என்றால் உங்கள் இடுப்பு முழுமையாக வேலை செய்யவில்லை.

பிறகு பொறுமை. குண்டு கீழே இறங்கி, முன்கைகள் அடிவயிற்றை நெருங்கும் வரை நிமிர்ந்தே நில்லுங்கள்; கடைசி நொடியில் இடுப்பைப் பின்னால் தள்ளி ஒதுங்குங்கள். குண்டோடு சேர்ந்து முன்கூட்டியே குனிகிறவர்களுக்குத்தான் முதுகு வலிக்கிறது.

மூச்சு: இறங்கும்போது மூக்கால் இழுத்து, எழும் முனையில் பல்லிடுக்கில் சீறுவது போல் சிறிதாக வெளியே விடுங்கள். நுரையீரலை முழுவதுமாகக் காலி செய்துவிட்டால் வயிறு தளர்ந்துவிடும்.

நான் கையால் தூக்குகிறேனா, இடுப்பால் வீசுகிறேனா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு பழைய துண்டைக் கைப்பிடிக்குள் நுழைத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து வீசுங்கள். இதற்கு லேசான குண்டு, திறந்த இடம், எதிரே யாரும் இருக்கக் கூடாது. இடுப்பு வேலை செய்தால் கை, துண்டு, குண்டு மூன்றும் ஒரே கோட்டில் நீளும். கையால் தூக்கினால் துண்டு மேலே போகும், குண்டு தலை கவிழ்ந்து தொங்கும். பொய் சொல்லாத சோதனை இது.

முதுகு போய்விடாதா?

நியாயமான பயம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு இயக்கவியலை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், லீ மார்ஷலுடன் சேர்ந்து 2012இல் இதை அளந்தார். 16 கிலோ ஸ்விங்கில் கீழ்முதுகின் மேல் விழுந்த அழுத்தம் ஏறத்தாழ 3200 நியூட்டன். அது பயப்படும்படியான எண் அல்ல. சுவாரசியம் வேறிடத்தில் இருக்கிறது: கீழ்முதுகு எலும்புகளை ஒன்றின்மேல் ஒன்று நழுவச் செய்யும் விசை, வழக்கமாகக் குனிந்து தூக்கும்போது செயல்படும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது. ஸ்விங் செய்து முதுகுவலி போனது என்கிறவர்களும், ஸ்விங்கால்தான் முதுகுவலி வந்தது என்கிறவர்களும் ஒரே ஜிம்மில் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பெரும் பளுவைத் தாங்கும் முதுகு கூட இந்தத் திசை விசையை விரும்பாமல் போகலாம்.

ஆகவே ஒரு நடைமுறை விதி. எடை கூட்டிய மறுநாள் பிட்டமும் தொடைப் பின்தசையும் வலித்தால் சரி. கீழ்முதுகின் இரு பக்கத் தசைகள் லேசாக இறுகியிருந்தால், பழைய எடைக்குத் திரும்பி வீடியோ எடுத்துப் பாருங்கள். நடு எலும்பில் குத்தினாலோ, காலுக்கு வலி இறங்கினாலோ, மரத்துப்போனாலோ ஸ்விங்கை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

யாரெல்லாம் செய்யக் கூடாது?

கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் நடந்த வயிற்று அறுவை, முதுகெலும்புத் தட்டு விலகல், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவர் சம்மதிக்காமல் செய்ய வேண்டாம். பிரசவமான பெண்கள் வயிறும் இடுப்புத்தளமும் மீண்ட பிறகு லேசான எடையிலிருந்து தொடங்கலாம். பெண்களுக்கென்று தனி ஸ்விங் கிடையாது. கனமான குண்டு தூக்கினால் உடல் ஆண்போல் ஆகிவிடும் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எத்தனை முறை, எத்தனை செட்?

குறைவாக, முழு வேகத்தில். ஒரு செட்டுக்கு 5 முதல் 8 வீச்சு, மொத்தம் 8 முதல் 10 செட், வாரம் இரண்டு அல்லது மூன்று நாள். ஒரு வீச்சுக்கு ஏறத்தாழ ஒன்றரை நொடி பிடிக்கும். எனவே ஒரு செட் 12 நொடிக்குள் முடிந்துவிடும். தசைக்குள் சேமித்திருக்கும் உடனடி எரிபொருளான கிரியேட்டின் பாஸ்பேட் பெருமளவு செலவாவது ஏறக்குறைய இந்த அளவு நேரத்தில்தான். அதற்கு மேல் நீட்டினால் வேகம் இறங்கும், கடும் உழைப்பில் உருவாகும் லாக்டேட் இரத்தத்தில் ஏறும், பயிற்சியின் தன்மையே மாறிவிடும்.

செட்டுகளுக்கு இடையே ஒன்றரை நிமிடம், தேவைப்பட்டால் இரண்டு நிமிடம். சும்மா உட்காராமல் நடங்கள். ‘இவ்வளவு நேரம் ஓய்வா?’ என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார், கேட்கட்டும்.

மூச்சு வாங்க, வியர்த்துக் கொட்டச் செய்தால்தானே பலன்?

அது வேறு பலன். 2010இல் வெளியான ஃபாரர் குழுவினரின் ஆய்வில், 12 நிமிடத்தில் முடிந்த அளவு 16 கிலோ ஸ்விங் செய்யச் சொன்னார்கள். சராசரி இதயத் துடிப்பு உச்ச அளவில் 87 சதவீதத்தைத் தொட்டது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல வேலை. ஆனால் நூறாவது வீச்சில் உங்கள் இடுப்பு முதல் வீச்சின் வேகத்தில் இயங்காது. களைத்த நிலையில் திரும்பத் திரும்பச் செய்தால், மெதுவாக வீசுவதற்குத்தான் உடல் பழகும். இரண்டும் வேண்டுமென்றால் தனித்தனி நாள்களில், தனித்தனி எடைகளில் செய்யுங்கள். கனமானதைப் புத்துணர்ச்சியோடு இருக்கும் நாளில் வையுங்கள்.

ஒரு கையா, இரண்டு கையா?

வெடிப்புத்திறனுக்கு இரண்டு கை. அதிக எடை, நேரான பாதை. ஒரு கை ஸ்விங்கில் உடம்பைத் திருப்ப முயலும் விசையை இடுப்பும் வயிறும் எதிர்க்க வேண்டும், பிடிப்பலமும் கூடும். நல்ல பயிற்சிதான், ஆனால் அங்கே முதலில் களைப்பது கை, இடுப்பு அல்ல.

தலைக்கு மேல் வரை வீச வேண்டுமா?

வேண்டாம். கிராஸ்ஃபிட் என்ற உடற்பயிற்சி முறையின் வகுப்புகளில் அப்படிச் செய்கிறார்கள். கனமான குண்டை இரு கைகளாலும் தலைக்கு மேல் கொண்டுபோகத் தோள் நெகிழ்வு போதாத பெரும்பாலானோர், இடைவெளியைக் கீழ்முதுகை வளைத்து ஈடுகட்டுகிறார்கள். மார்பு உயரத்தோடு நிறுத்தும் முறையை 1990களின் கடைசியிலிருந்து அமெரிக்காவில் பரப்பியவர், மின்ஸ்க் நகரில் பிறந்த பாவெல் சாட்சுலின். கனமான ஸ்விங்குக்கு அதுவே பொருத்தம்.

24இலிருந்து 32க்கு எப்போது போகலாம்?

அந்த ஒரே தாவலில் எடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்பதை மனத்தில் வையுங்கள். பார்பெல்லில் யாரும் 90 கிலோவிலிருந்து நேராக 120க்குத் தாவமாட்டார்கள். 24 கிலோவில் 10 செட், செட்டுக்கு 8 வீச்சு செய்து, கடைசி செட்டின் கடைசி வீச்சும் மார்பைத் தொடுகிறதா? கைபேசியைப் பக்கவாட்டில் வைத்துப் படமெடுத்துப் பாருங்கள். நினைவை நம்ப வேண்டாம்; களைத்த மனிதனுக்குத் தன் குண்டு எப்போதும் உயரப் போனதாகவே தோன்றும். தொட்டால், பத்துச் செட்டில் இரண்டை மட்டும் 32இல் செய்யுங்கள், செட்டுக்கு 5 வீச்சு. அடுத்த வாரம் மூன்று செட். இப்படியே ஒன்றிரண்டு மாதத்தில் மாறிவிடலாம். 28 கிலோ கிடைத்தால் இடையில் வைத்துக்கொள்ளலாம். அதற்கென்று பணம் செலவழிப்பது உங்கள் விருப்பம்.

ஏன் 16, 24, 32 என்றே விற்கிறார்கள்?

ரஷ்யாவின் பழைய எடை அளவு பூட், 16.38 கிலோ. ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் என்பவைதான் இந்த மூன்றும். போட்டிக் குண்டுகளில் 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு. அந்தப் போட்டிகளில் ஸ்விங் தனிப் பிரிவாக இல்லை; ஜெர்க், ஸ்னாட்ச், லாங் சைக்கிள் போன்ற, குண்டைத் தலைக்கு மேல் கொண்டுபோகும் பிரிவுகள்தான்.

எந்தக் கெட்டில்பெல் வாங்குவது?

ஒரே வார்ப்பாக வந்த வார்ப்பிரும்புக் குண்டு. போட்டிக்கான எஃகுக் குண்டுகள் எல்லா எடையிலும் ஒரே அளவில் இருக்கும், தரமும் நன்றாக இருக்கும். ஆனால் கைப்பிடி குறுகலானதால் பெரிய கைகள் இரண்டு அதில் நெருக்கியடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் நிரப்பியதை வாங்காதீர்கள். 16 கிலோவே பூசணிக்காய் பருமனில் இருந்தால் கால்களுக்கு இடையே எப்படிப் போகும்? வாங்கும் முன் கைப்பிடியின் உட்புறத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வார்ப்புத் தையல் விளிம்பு தட்டுப்பட்டால் அது உங்கள் தோலைக் கிழிக்கும்.

உள்ளங்கை கிழிகிறது. என்ன செய்ய?

இறுக்கிப் பிடிப்பதால்தான் கிழிகிறது. கைப்பிடியை உள்ளங்கையின் நடுவில் அல்ல, விரல்களின் அடியில் கொக்கி போல் மாட்டுங்கள். வீச்சின் கீழ்ப்புள்ளியில் குண்டு தன் எடையைப் போல் இருமடங்குக்கு மேல் இழுக்கும். அங்கே மட்டும் பிடி இறுகட்டும், மேலே தளரட்டும். காய்ப்புகளைக் குளித்தபின் நுரைக்கல்லால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். வியர்வைக்கு மக்னீசியம் கார்பனேட் பொடி. முகத்துக்குப் போடும் பவுடரைக் கையில் பூசிக்கொண்டு 32 கிலோவை வீசினால் அது எதிர்ச்சுவரில் போய்த்தான் நிற்கும்.

அடுக்குமாடி வீட்டில் செய்யலாமா?

செய்யலாம், ஸ்விங்கில் குண்டைக் கீழே போட வேண்டிய அவசியம் இல்லை. ரப்பர் பாயை விரித்து, கடைசி வீச்சில் குண்டைப் பின்னால் விட்டு, திரும்பும்போது முன்னால் மெல்ல வையுங்கள். வெறுங்கால் அல்லது தட்டையான அடிப்பகுதி கொண்ட காலணி. மெத்தென்ற ஓட்டக் காலணி வேண்டாம். குழந்தைகளும் நாயும் அறைக்கு வெளியே.

கர்லாக்கட்டை பழகியிருக்கிறேன். இது எளிதாக இருக்குமா?

பிடியும் தோளும் உங்களுக்குத் தயாராக இருக்கும். ஆனால் கர்லாக்கட்டை தோளைச் சுற்றிச் சுழல்வது. ஸ்விங் இடுப்பில் மடிந்து விரிவது. கர்லா பழகியவர்கள் முதலில் குண்டைத் தோளால் தூக்கப் பார்ப்பார்கள். துண்டுச் சோதனையை அவர்களுக்குத்தான் முதலில் கொடுக்கிறேன்.

ஸ்விங் மட்டும் போதுமா?

உச்சப் பலம் வேண்டுமென்றால் போதாது. ஸ்குவாட், டெட்லிஃப்ட் இரண்டில் ஒன்றையாவது வாரத்தில் ஒருநாள் கனமாகச் செய்யுங்கள். ஸ்விங்கில் முழங்கால் அதிகம் மடங்காததால் தொடை முன்தசைக்கு வேலை குறைவு. தரையிறங்குவதற்கும் திசை திருப்புவதற்கும் குதிப்பும் குறுவேக ஓட்டமும் தனியாக வேண்டும். எந்தக் குண்டும் அதைக் கற்றுத் தராது.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

சுவரருகே பக்கவாட்டில் நின்று, கையை உயர்த்தி எட்டும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். விரல்நுனியில் சுண்ணக்கட்டிப் பொடி தொட்டு, நின்ற இடத்திலிருந்து எம்பி இன்னொரு அடையாளம் பதியுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் உங்கள் எண். மூன்று முறை எம்பி, நல்லதை எழுதிவையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஓய்வு நாளுக்கு மறுநாள், கனமான ஸ்விங்குக்கு முன்பு அளந்தால் போதும்.

ஆறு வாரமாகியும் அந்த எண் அசையவில்லை என்றால் பெரும்பாலும் எடை அதிகம், அல்லது ஓய்வு குறைவு. ஒரு படி லேசான குண்டுக்கு இறங்கி, செட்டுக்கு ஐந்து வீச்சு மட்டும், இரண்டு நிமிட ஓய்வோடு இரண்டு வாரம் செய்துவிட்டு மறுபடி சுவரருகே போங்கள்.